வாட்ச் ஸ்ட்ராப்: அறுமுன் பார்ப்போம், அளவறிந்து மாற்றுவோம்



காலையில் ஷட்டரைத் தூக்கியது முதல் இரவு கல்லாவைப் பூட்டும் வரை நம் கைகளுக்கு ஓய்வில்லை. பருப்பு மூட்டைக்குள் கை போகிறது. புளியைப் பிய்க்கிறோம், வெல்லத்தை உடைக்கிறோம், எண்ணெய் டின்னைச் சாய்க்கிறோம். இவ்வளவிலும் கூடவே வருவது நம் மணிக்கட்டில் இருக்கும் வாட்ச். வாட்சுக்கு பாட்டரி போடுகிறோம், கண்ணாடி உடைந்தால் மாற்றுகிறோம். ஆனால் அதைக் கையோடு பிடித்து வைத்திருக்கும் ஸ்ட்ராப்பை மட்டும் அறுந்து விழும் நாள் வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மற்ற தொழிலில் இருப்பவருக்கு ஸ்ட்ராப் அறுந்தால் வாட்ச் தரையில் விழும், அவ்வளவுதான். மளிகைக் கடையில் அப்படி இல்லை. அறுந்த ஸ்ட்ராப்பிலிருந்து தெறிக்கும் சிறு கம்பி துவரம் பருப்பு மூட்டைக்குள் விழுந்தால் யார் கண்ணில் படும்? அது பொட்டலத்தோடு போய் ஒரு வாடிக்கையாளர் வீட்டுச் சாம்பாரில் கிடந்தால், பல வருடம் கட்டிக் காத்த கடையின் பெயர் ஒரே நாளில் கெட்டுவிடும். ஆகவே இதை அழகு சம்பந்தப்பட்ட சிறு விஷயம் என்று ஒதுக்காமல், கடையின் நாணயம் சம்பந்தப்பட்ட விஷயமாகவே எடுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறோம்.

ஸ்ட்ராப்பை மாற்றுவதும், செயினைச் சுருக்குவதும் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைகள். அளவு தெரிந்திருக்க வேண்டும், சரியான கருவி வேண்டும், பொறுமை வேண்டும். அளவும் பொறுமையும் நமக்குப் புதியவை அல்ல.

பிடிமானம் எங்கே இருக்கிறது?

வாட்சைத் திருப்பிப் பாருங்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். இவற்றை 'காது' என்று சொல்லிக்கொள்வோம். இரண்டு காதுகளுக்கும் நடுவே குறுக்காக ஒரு மெல்லிய பின் இருக்கிறது. இதற்கு ஸ்பிரிங் பின் என்று பெயர். உள்ளே பொடி ஸ்பிரிங் வைத்த ஒரு குழாய், அதன் இரு முனையிலும் உள்ளே அமுங்கக்கூடிய கூர், இவ்வளவுதான் அதன் அமைப்பு. அமுக்கினால் பின் குட்டையாகும். விட்டால் நீண்டு, காதின் உட்புறத்தில் இருக்கும் சிறு துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வாட்சின் முழுக் கனத்தையும் தாங்குவது இந்த இரண்டு பின்கள்தாம். வியர்வையும் உப்பும் முதலில் கெடுப்பதும் இவற்றைத்தான். வெளியே ஸ்ட்ராப் புதிதாகத் தெரியும், உள்ளே பின் துருப்பிடித்து ஸ்பிரிங் செத்துப் போயிருக்கும். உப்பு மூட்டையில் கைவைத்து வேலை பார்ப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒரு பின்னின் விலை ஒரு டீ விலையை ஒட்டித்தான் இருக்கும். எனவே புது ஸ்ட்ராப் போடும்போதெல்லாம் பின்னையும் சேர்த்துப் புதிதாகப் போடுவதே புத்திசாலித்தனம்.

எந்த அளவு?

கடைக்குப் போய் "பெரிய ஸ்ட்ராப் ஒன்று கொடுங்கள்" என்று கேட்பது, நம் கடையில் வந்து "கொஞ்சம் அரிசி கொடுங்கள்" என்று கேட்பது போலத்தான். ஸ்ட்ராப்புக்கு அளவு மில்லிமீட்டர் கணக்கு. அளக்க வேண்டிய இடம் வாட்சின் முகம் அல்ல. இரண்டு காதுகளுக்கும் நடுவே உள்ள உட்புற இடைவெளியைத்தான் அளக்க வேண்டும். முகம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த இடைவெளிதான் ஸ்ட்ராப்பின் அகலம். பின்னின் நீளமும் அதுவே.

ஆண்கள் வாட்சில் 18, 20, 22 மி.மீ. பரவலாகக் காணப்படும் அளவுகள். 19, 21 போன்ற ஒற்றைப்படை அளவுகளும் உண்டு. பெண்கள் வாட்சில் 12, 14, 16 மி.மீ. சகஜம். பள்ளிப் பிள்ளைகளின் சாதாரண ஸ்கேலே அளக்கப் போதும். ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கும் என்பதால் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் 10 மி.மீ. கோட்டிலிருந்து தொடங்கி அளந்து, பிறகு 10-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்ட்ராப்பின் உட்பக்கத்திலோ பக்கிளின் அடியிலோ எண் குத்தியிருந்தால் அதையும் பாருங்கள். ஆனால் பக்கிள் பக்கம் ஸ்ட்ராப் குறுகிக்கொண்டே போகும் என்பதால், பக்கிளில் உள்ள 16 என்ற எண்ணை வாட்சின் அளவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

18 மி.மீ. இடைவெளியில் 16 மி.மீ. ஸ்ட்ராப்பைப் போட்டால் அது இங்கும் அங்கும் ஆடி, நாளடைவில் பின் வளைந்துவிடும். 20 மி.மீ. ஸ்ட்ராப்பைத் திணித்தால் ஓரம் மடங்கிக் கிழியும். தோல் ஸ்ட்ராப்பாக இருந்தால் ஒரு மி.மீ. கூடுதலைச் சற்று அமுக்கிப் பொருத்தலாம். இரும்புச் செயினில் அந்த விட்டுக்கொடுத்தலே கிடையாது.

நீளத்துக்கும் கணக்கு உண்டு. 75/115 என்று போட்டிருந்தால் பக்கிள் உள்ள துண்டு 75 மி.மீ., ஓட்டை உள்ள துண்டு 115 மி.மீ. என்று பொருள். சாதாரண மணிக்கட்டுக்கு இது சரியாக இருக்கும். கை பெருத்தவர்கள் நீளம் கூடியதைக் கேட்டு வாங்க வேண்டும். கட்டும்போது நடு ஓட்டையிலோ அதற்கு அடுத்ததிலோ வந்து நின்றால் நீளம் சரி. கடைசி ஓட்டைதான் எட்டுகிறது என்றால் அந்த ஸ்ட்ராப் நமக்கு உரியது அல்ல.

இந்த அளவு முறையால் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. நம்மில் பலருடைய வீட்டில் அப்பா கட்டியிருந்த எச்.எம்.டி. வாட்ச் இன்னும் பீரோவில் இருக்கும். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பெங்களூரில் தொடங்கிய வாட்ச் தயாரிப்பு அது. அந்த வாட்ச் நிறுவனத்தை மூடுவதென்று மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்தது. அதனால் வாட்ச் வீணாகிவிடாது. இடைவெளி 18 மி.மீ. என்றால், எந்தக் கம்பெனியின் 18 மி.மீ. நேர் ஸ்ட்ராப்பும் அதில் உட்காரும். சாவி கொடுத்தால் ஓடும் வாட்சை ஸ்ட்ராப் இல்லை என்பதற்காக முடக்கி வைக்க வேண்டியதில்லை.

வேண்டிய சாமான்கள்

ஸ்பிரிங் பின் கழற்றும் கருவி ஒன்று வேண்டும். பேனா போல இருக்கும். ஒரு முனை கவை போலப் பிளந்தும், மறுமுனை ஊசி போலவும் இருக்கும். வாட்ச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. இதோடு ஒரு பழைய துண்டு, விளிம்பு உயர்ந்த ஒரு தட்டு, ஒட்டும் டேப், நல்ல வெளிச்சம் ஆகியவை வேண்டும். செயின் வேலைக்கு மெல்லிய பின் தள்ளி, சிறு சுத்தியல், சாமணம் ஆகியவை கூடுதலாகத் தேவை.

காய் நறுக்கும் கத்தி, பிளேடு, கத்தரிக்கோல் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். நழுவினால் வாட்சின் மேல் கோடு விழும், அல்லது விரலில் இறங்கும். இந்த வேலையைக் கடையில் வியாபார நேரத்தில், திறந்த மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்யவும் கூடாது. வீட்டில், மேஜை மேல் செய்வதே முறை.

ஸ்ட்ராப் மாற்றும் முறை

1. துண்டை மடித்துத் தட்டில் விரித்து, வாட்சைக் கவிழ்த்து வையுங்கள். காதுகளின் உட்புறமும் பின்புறமும் டேப் ஒட்டினால் கீறல் விழாது.

2. கருவியின் கவை முனையை ஸ்ட்ராப்புக்கும் காதுக்கும் நடுவே நுழையுங்கள். பின்னின் ஓரத்தில் விளிம்பு போன்ற மேடு தட்டுப்படும். அதைக் கவையில் பிடித்து ஸ்ட்ராப்பின் நடுப்பக்கமாகத் தள்ளுங்கள். பின் அமுங்கும்போது ஸ்ட்ராப்பை மெதுவாக மேலே தூக்கினால் அந்த முனை வெளியே வந்துவிடும்.

3. அமுங்கிய பின் துள்ளிப் பறக்கக்கூடியது. மறு கையின் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். வேலையைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டுச் செய்தால் பறந்தாலும் பைக்குள்ளேயே விழும்.

4. சில வாட்சுகளில் காதின் வெளிப்புறத்திலேயே சிறு ஓட்டை தெரியும். அதில் ஊசி முனையை வைத்துத் தள்ளினால் போதும். இன்னும் சில ஸ்ட்ராப்புகளில் பின்னோடு சேர்ந்த ஒரு குட்டி நெம்பு இருக்கும். அதை நகத்தால் இழுத்தாலே கழன்றுவிடும், கருவியே வேண்டாம்.

5. ஸ்ட்ராப் வெளியே வந்ததும், காதுகளின் இடுக்கில் சேர்ந்திருக்கும் அழுக்கைப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் துடையுங்கள். துளையில் மாவும் தூசியும் அடைத்திருந்தால் பின் முழுமையாக உட்காராது.

6. புதுப் பின்னைப் புது ஸ்ட்ராப்பில் நுழையுங்கள். 12 மணி இருக்கும் பக்கம் பக்கிள் உள்ள குட்டைத் துண்டு. 6 மணி இருக்கும் பக்கம் ஓட்டை உள்ள நீளத் துண்டு. பளபளப்பான பக்கம் வெளியே வர வேண்டும்.

7. பின்னின் ஒரு முனையை ஒரு காதின் துளையில் வைத்து, மறு முனையைக் கவையால் அமுக்கி உள்ளே இறக்குங்கள். துளைக்குள் உட்காரும்போது 'டிக்' என்று சிறு சத்தம் கேட்கும்.

8. சத்தம் கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். ஸ்ட்ராப்பைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள், இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். பின் துளையின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தால் இந்தச் சோதனையில் கழன்று வந்துவிடும். தட்டின் மேல் கழன்றால் நஷ்டமில்லை.

செயினைச் சுருக்கும் முறை

புது வாட்சில் வரும் இரும்புச் செயின் பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும். முதலில் கொக்கியின் ஓரத்தைப் பாருங்கள். வரிசையாகச் சில சிறு ஓட்டைகள் இருந்தால், அங்கே உள்ள ஸ்பிரிங் பின்னை ஓர் ஓட்டை தள்ளி மாற்றினாலே சில மி.மீ. குறையும். கண்ணி எடுக்க வேண்டிய அவசியமே இராமல் போகலாம்.

அது போதவில்லை என்றால், வாட்சைக் கையில் போட்டு, மணிக்கட்டின் அடியில் தொங்கும் மிச்சத்தைக் கிள்ளிப் பிடித்து எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். நான்கு என்றால் கொக்கியின் இரு பக்கமும் இரண்டிரண்டு எடுக்க வேண்டும். மூன்று என்றால் ஒரு பக்கம் இரண்டும் மறு பக்கம் ஒன்றும் எடுத்து, மீதியைக் கொக்கி ஓட்டையில் சரிசெய்யலாம். ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் கொக்கி மணிக்கட்டின் ஓரத்துக்கு வந்து, எழுதும்போது மேஜையில் இடிக்கும்.

கண்ணியின் உட்பக்கத்தில் சிறு அம்புக்குறி போட்டிருக்கும். அம்பு காட்டும் திசையில் பின்னைத் தள்ளி வெளியே எடுக்க வேண்டும். திரும்பப் போடும்போது அம்புக்கு எதிர்த்திசையில் போட வேண்டும். பின்னின் ஒரு முனை பிளந்திருந்தால், பிளவில்லாத முனை முதலில் உள்ளே போக வேண்டும். பிளந்த முனை கடைசியில் போய் இறுகிக்கொள்ளும். இதை மாற்றிப் போட்டால் பின் இளகிவிடும், கண்ணியின் துளையும் கெடும்.

சில செயின்களில் பின்னோடு ஒரு குட்டிக் குழாயும் இருக்கும். கடுகு அளவே இருக்கும் அந்தக் குழாய்தான் பின்னை இறுக்கிப் பிடிப்பது. பின்னை எடுக்கும்போது அது தரையில் விழுந்து தொலைந்தால், பின்னைத் திரும்பப் போட்டாலும் நிற்காது. ஆகவே இவ்வகைச் செயினைத் தட்டின் மேல் வைத்தே பிரிக்க வேண்டும். சில உயர்ரக வாட்சுகளில் பின்னுக்குப் பதில் திருகாணி இருக்கும். கண்ணியின் ஓரத்தில் கீற்று தெரிந்தால் திருகாணி என்று அறிந்து, சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சரியான அகலமுள்ள திருப்புளியை எடுங்கள்.

எடுத்த கண்ணிகளையும் பின்களையும் ஒரு சிறு கவரில் போட்டு, வாட்ச் பில்லோடு சேர்த்து வையுங்கள். கை பெருத்தாலும், வாட்சைப் பிள்ளைக்குக் கொடுத்தாலும் அவை தேவைப்படும்.

எவ்வளவு இறுக்கம் நல்லது?

கட்டிய பிறகு ஸ்ட்ராப்புக்கும் கைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைய வேண்டும். அதற்குமேல் இடைவெளி இருந்தால் வாட்ச் புறங்கைக்கு நழுவி வந்து, மூட்டை தூக்கும்போது முட்டும். கொக்கி சாக்கில் மாட்டும். மிகவும் இறுக்கினால் வியர்வை தங்கி அரிப்பு வரும். வெயிலிலும் உழைப்பிலும் கை சற்று வீங்கும் என்பதால், காலையில் குளித்தவுடன் அளவு பார்க்காமல் சாயங்காலம் பார்ப்பது நல்லது.

செயின் கட்டிய இடத்தில் தோல் சிவந்து தொடர்ந்து அரித்தால், உலோகத்தில் கலந்திருக்கும் நிக்கல் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் துணி அல்லது ரப்பர் ஸ்ட்ராப்புக்கு மாறிவிடலாம். அரிப்பு அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எந்தக் கடைக்கு எந்த ஸ்ட்ராப்?

தோல் ஸ்ட்ராப் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் வியர்வையையும் எண்ணெயையும் உறிஞ்சிக்கொண்டு நாற்றமெடுக்கும், விறைத்து வெடிக்கும். ஜவுளிக்கடை, ஸ்டேஷனரி கடை போன்ற உலர்ந்த இடங்களுக்கு ஏற்றது. எண்ணெய்க் கடை, மீன் கடை, பால் வியாபாரம் ஆகியவற்றுக்கு ஏற்றதல்ல. அங்கே சிலிகான் அல்லது ரப்பர் ஸ்ட்ராப் நல்லது. இரவில் கழுவித் துடைத்துவிடலாம். செயின் உழைக்கும், ஆனால் கண்ணி இடுக்குகளில் மாவும் மசாலாத் தூளும் சேரும். வாட்சிலிருந்து செயினைக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பிரஷால் தேய்த்துக் காயவைக்க வேண்டும். வாட்சோடு சேர்த்து முக்கக் கூடாது.

மூட்டையில் கைவிடும் வேலை செய்பவர்களுக்கு நைலான் துணிப்பட்டையை நாம் சிபாரிசு செய்கிறோம். இது ஒரே நீளத் துண்டு. இரண்டு பின்களுக்கும் அடியில் வாட்சின் முதுகைத் தொட்டுக்கொண்டு ஓடும். ஒரு பின் போனாலும் மற்றொரு பின்னில் வாட்ச் தொங்கி நிற்கும். பிரிட்டனின் பாதுகாப்புத் துறை 1973-ல் தன் படைவீரர்களுக்காக இத்தகைய பட்டைக்கு அளவுமுறை வகுத்தது. இன்று அது 'நேட்டோ ஸ்ட்ராப்' என்ற பெயரில் கடைகளில் கிடைக்கிறது. வாட்ச் விழாமல் இது காக்கும். ஆனால் உடைந்த பின் தெறிப்பதை இதுவும் தடுக்காது. எனவே பின் சோதனை இதற்கும் உண்டு.

வீட்டில் செய்யக் கூடாதவை

வாட்சின் பின்மூடியைத் திறக்க வேண்டாம். ஸ்ட்ராப் மாற்றுவதற்கு அதைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. திறந்தால் தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையம் இடம் பெயரும். காதின் துளை தேய்ந்து பெரிதாகியிருந்தாலும், பின் உள்ளேயே முறிந்திருந்தாலும் மெக்கானிக்கிடம் கொடுப்பதே சிக்கனம். இழுத்தால் விரியும் ஸ்பிரிங் செயினின் கண்ணிகளை எடுப்பதும் கைப்பழக்கம் வேண்டிய வேலை. சில மாடல்களில் ஸ்ட்ராப்பின் முனையில் பிரத்யேக வெட்டு இருக்கும். அவற்றுக்கு அந்தந்தக் கம்பெனி ஸ்ட்ராப்தான் பொருந்தும். ஸ்மார்ட் வாட்சுகளிலும் சிலவற்றுக்குத் தனி இணைப்பு உண்டு. வாங்குமுன் வாட்சைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

தோல் ஸ்ட்ராப்பில் கூடுதல் ஓட்டை வேண்டுமானால் ஆணியைக் காய்ச்சிக் குத்தாதீர்கள். தோல் கருகி அந்த இடத்திலேயே கிழியும். செருப்புத் தைப்பவரிடம் துளை போடும் பஞ்ச் இருக்கிறது; மற்ற ஓட்டைகளுக்கு உள்ள அதே இடைவெளியில் போடச் சொல்லுங்கள்.

கடையில் விற்க நினைப்பவர்களுக்கு

ஸ்டேஷனரி, பேன்ஸி பொருட்களோடு ஸ்ட்ராப்பும் வைக்க விரும்பும் சிறு வணிகர்கள் எல்லா அளவையும் வாங்கி முதலை முடக்க வேண்டாம். 18, 20, 22 மி.மீ. அளவுகளில் கறுப்பும் பழுப்பும், கூடவே பின்கள் கலந்த ஒரு பெட்டியும் இருந்தால் தொடங்கலாம். வாடிக்கையாளர் கேட்கும் அளவை நம்பாமல் வாட்சை வாங்கி நாமே ஸ்கேல் வைத்து அளந்து கொடுத்தால், திரும்பி வரும் சரக்கு குறையும். பொட்டலமாக வரும் ஸ்ட்ராப்பில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, எம்.ஆர்.பி. ஆகியவை அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகள் இதற்கும் பொருந்தும்.

மாதம் ஒரு சோதனை

ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வாட்சைக் கழற்றி நான்கு காதுகளின் ஓரத்தையும் பாருங்கள். துரு தெரிகிறதா, ஸ்ட்ராப் மடங்கும் இடத்தில் வெடிப்பு உண்டா, பக்கிளின் ஊசி ஆடுகிறதா, இழுத்தால் பின் நகர்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே மாற்றிவிடுங்கள். உங்களோடு, கடையில் வேலை செய்யும் பையன்களின் வாட்சையும் பாருங்கள். மூட்டைக்குள் அதிகம் போவது அவர்கள் கைதான். மசாலா, மாவு, பருப்பு ஆகியவற்றைத் திறந்த நிலையில் அள்ளிப் பொட்டலம் போடும் நேரத்தில் வாட்சைக் கழற்றி டிராயரில் வைத்துவிடும் பழக்கத்தை அவர்களுக்கும் ஏற்படுத்துங்கள். ஸ்ட்ராப் எவ்வளவு புதிதாக இருந்தாலும் இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது.

அப்படியும் என்றாவது ஒரு பின் தெறித்து மூட்டைக்குள் விழுந்துவிட்டால், "போனால் போகட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். வியாபாரத்தைச் சற்று நிறுத்தி, அந்தச் சரக்கைச் சலித்தோ புடைத்தோ பின்னைக் கண்டெடுத்த பிறகே விற்பனையைத் தொடருங்கள். கண்டெடுக்க முடியாவிட்டால் அந்தச் சரக்கை விற்காமல் ஒதுக்கிவிடுங்கள். ஒரு மூட்டைப் பருப்பின் நஷ்டத்தை நாலு நாள் வியாபாரத்தில் ஈடுகட்டலாம். "அந்தக் கடைச் சரக்கில் கம்பி கிடந்தது" என்று ஊரில் பேச்சு வந்தால் அதை ஈடுகட்டுவது அவ்வளவு எளிதல்ல.